டிரான்ஸ்சீவர், ஆம்ப்ளிஃபயர், நடுவில் கணினி: எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது?

அமெச்சூர் வானொலி நிலையங்களில் இன்று பயன்படும் டிரான்ஸ்சீவர்கள் பெரும்பாலும் 100 வாட் வெளியீடு தருபவை. கண்டம் கடந்த தொடர்புக்குப் பல நாள்களில் அதுவே போதும். அலைபரவல் நலிந்த நேரங்களிலும், நெரிசல் மிகுந்த போட்டி நாள்களிலும்தான் வெளிப்புற ஆம்ப்ளிஃபயரின் தேவை எழுகிறது. இந்தியாவில் பொதுநிலை உரிமம் பெற்றவருக்கு 400 வாட் வரை அனுமதி உண்டு. ஜெர்மனியில் ஏ வகுப்பு உரிமத்துக்கு 750 வாட். அமெரிக்காவில் உச்ச வரம்பு 1500 வாட். நூறை நானூறாக்கினால் கிடைப்பது 6 டெசிபெல் உயர்வு, அதாவது எதிர்முனையில் கேட்பவரின் எஸ் மீட்டரில் ஒரு படி. 1500 வாட்டுக்குப் போனால் ஏறத்தாழ இரண்டு படி.

இந்த ஒன்றிரண்டு படிகளுக்காக நிலையத்துக்குள் இன்னொரு பெரிய இயந்திரம் நுழைகிறது. முதல் இயந்திரம் எந்த அலைப்பட்டையில் நிற்கிறது, எப்போது அனுப்பத் தொடங்குகிறது என்பதை இரண்டாவது இயந்திரம் ஒவ்வொரு முறையும் தவறாமல் அறிந்திருக்க வேண்டும். இந்தத் தகவலைச் சுமக்கும் வேலை கம்பிகளிடமிருந்து மெல்ல மெல்லக் கணினி மென்பொருளுக்கு மாறி வருகிறது. வசதி பெருகியிருக்கிறது, ஆபத்தின் வடிவமும் மாறியிருக்கிறது. மென்பொருளிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம், எதைக் கம்பியிடமே விட்டுவிட வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு பெட்டிகளுக்கு நடுவே நான்கு ஓட்டங்கள்

டிரான்ஸ்சீவருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே நான்கு வகை ஓட்டங்கள் உள்ளன. முதலாவது, கோஆக்சியல் கேபிள் வழியே செல்லும் வானொலி அலை. இரண்டாவது, ‘இப்போது அனுப்புகிறேன், ரிலேக்களை மாற்றிக்கொள்’ என்று சொல்லும் பி.டி.டி. கட்டளை. மூன்றாவது, எந்த அலைப்பட்டை என்ற செய்தி. நான்காவது, ஆம்ப்ளிஃபயரிலிருந்து திரும்பி வரும் எச்சரிக்கைகள்: ஏ.எல்.சி. மின்னழுத்தம், ஆன்டெனாப் பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர்., வெப்பநிலை, பழுது அறிவிப்பு. முதலாவதில் கணினிக்கு வேலையில்லை. மற்ற மூன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும், ஏனெனில் அவற்றுக்குத் தேவைப்படும் வேகமும் நம்பகமும் ஒன்றல்ல.

வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபயர்களின் காலத்தில் அலைப்பட்டைச் செய்தியைச் சுமந்தது மனிதரின் கை. ஹீத்கிட் எஸ்.பி.-220 போன்ற கருவியில் பட்டைக் குமிழைத் திருப்பி, பிறகு ‘டியூன்’, ‘லோட்’ குமிழ்களைச் சரிசெய்து, மீட்டரைப் பார்த்தே இயக்குவார்கள். குழாய்கள் சில நொடித் தவறைத் தாங்கிக்கொள்ளும்.

இன்றைய ஆம்ப்ளிஃபயர்களின் உள்ளே இருப்பவை எல்.டி.மாஸ் டிரான்சிஸ்டர்கள். பி.எல்.எஃப்.188எக்ஸ்.ஆர். போன்ற ஒற்றைக் கூறு, 50 வோல்ட்டில் ஆயிரம் வாட்டுக்கு மேல் தரவல்லது. அதன் பின்னால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு லோ-பாஸ் வடிகட்டி. அவற்றைத் தேர்ந்தெடுப்பவை ரிலேக்கள். டியூன் செய்யக் குமிழ் இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் வடிகட்டி மாறிப்போனால் விளைவு உடனடியானது. 28 மெகாஹெர்ட்ஸ் அலையை 7 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டிக்குள் செலுத்தினால் அது வெளியேற வழியின்றித் திரும்பி வந்து டிரான்சிஸ்டரைத் தாக்கும். எதிர்த்திசையில், 7 மெகாஹெர்ட்ஸ் அலை 28 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி வழியே போனால் கருவிக்கு ஒன்றும் ஆகாது; ஆனால் 14, 21 மெகாஹெர்ட்ஸ்களில் எழும் ஹார்மோனிக் அலைகள் தடையின்றி ஆன்டெனாவுக்கு ஏறும். முதல் தவறில் நட்டம் நமக்கு, இரண்டாவதில் பிறருக்கு. சட்டத்தின் பார்வையில் இரண்டாவதே பெரிய குற்றம்.

அலைப்பட்டையை அறிவிக்கும் வழிகள்

ஆம்ப்ளிஃபயருக்குப் பட்டையை அறிவிக்க நான்கு வழிகள் வழக்கில் உள்ளன.

யாயெசு நிறுவனம் பின்பற்றியது நான்கு கம்பிகளில் இருநிலைக் குறியீடு. 160 மீட்டருக்கு 1, 80 மீட்டருக்கு 2, 40 மீட்டருக்கு 3 என்று தொடங்கி, 20 மீட்டருக்கு 5, 10 மீட்டருக்கு 9, 6 மீட்டருக்கு 10 என்று போகும். எந்தக் கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறது என்பதை மல்டிமீட்டர் வைத்தே சோதித்துவிடலாம். பிற நிறுவனங்களின் ஆம்ப்ளிஃபயர்களும் ஆன்டெனா மாற்றிகளும் இந்த முறையை ஏற்றுக்கொண்டதற்கு அதன் எளிமையே காரணம்.

ஐகாம் நிறுவனம் ஒரே கம்பியில் மாறும் மின்னழுத்தத்தைத் தந்தது. 1.8 மெகாஹெர்ட்ஸில் 7 முதல் 8 வோல்ட், 14 மெகாஹெர்ட்ஸில் 4 முதல் 4.5 வோல்ட் என்று பட்டை ஏற ஏற மின்னழுத்தம் இறங்கும். 10 மெகாஹெர்ட்ஸ் மட்டும் வரிசையை விட்டு விலகி அடிமட்டத்தில் நிற்கும். 18, 21 இரண்டுக்கும் ஒரே அளவு. 24, 28 இரண்டுக்கும் அப்படியே. ஆம்ப்ளிஃபயரில் அந்த இணைகளுக்குப் பொது வடிகட்டி இருந்தால் சிக்கலில்லை. ஆன்டெனாவையும் அதே கம்பியால் தேர்ந்தெடுக்க நினைப்பவருக்கு இது போதாது.

மூன்றாவது வழி, ஆம்ப்ளிஃபயரே உள்ளே வரும் அலையின் அதிர்வெண்ணை எண்ணி அறிவது. எந்த நிறுவனத்தின் டிரான்ஸ்சீவரோடும் இது பொருந்தும். குறை ஒன்றுதான்: அலை வந்த பிறகுதான் பட்டை தெரியும். புதிய பட்டையில் முதல் மோர்ஸ் புள்ளியோ முதல் அசையோ பெருக்கப்படாமல் போகலாம். நல்ல வடிவமைப்பில், வடிகட்டி மாறி முடியும்வரை ஆம்ப்ளிஃபயர் தன்னை விலக்கி வைத்துக்கொள்ளும்.

நான்காவது வழியில்தான் கணினி வருகிறது: சீரியல் தொடர்பு வழியே அதிர்வெண்ணை எண்ணாகவே அனுப்புவது.

மூன்று மொழிகள்

டிரான்ஸ்சீவர்கள் பேசும் சீரியல் மொழிகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். கென்வுட் மொழி எழுத்தால் ஆனது. 14.074 மெகாஹெர்ட்ஸைக் குறிக்க ‘எஃப்ஏ’ என்ற இரண்டு எழுத்து, ஹெர்ட்ஸ் அளவில் பதினொரு இலக்கம் 00014074000, முடிவில் ஓர் அரைப்புள்ளி. திரையில் பார்த்தாலே மனிதருக்குப் புரியும். எலக்ராஃப்ட் இதே மரபைத் தழுவியது. யாயெசுவின் பிற்காலக் கருவிகளும் இதையொத்த எழுத்து மொழிக்கு மாறின.

எஃப்.டி.-817, 857, 897 போன்ற யாயெசு கருவிகள் ஐந்து பைட் கொண்ட கட்டளைகளைப் பேசின. அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் அலகில் நான்கு பைட்களில் வரும். ஐந்தாவது பைட் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும். 14.074 மெகாஹெர்ட்ஸுக்கு 01, 40, 74, 00; பிறகு அதிர்வெண்ணை அமைக்கச் சொல்லும் 01. ஐதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த, சுமார் 10 வாட் தரும் யூபிட்எக்ஸ் இந்த மொழியையே பேசுகிறது. அதன் ஆர்டுயினோ நிரல் எஃப்.டி.-817 போல் பதிலளிப்பதால், அந்தக் கருவியை அறிந்த எந்த மென்பொருளும் யூபிட்எக்ஸுடன் உரையாடும்.

ஐகாமின் சி.ஐ.-5 முறை மூன்றாவது. இது ஒரே கம்பியில் பல கருவிகள் பங்குகொள்ளும் பொதுவழி. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு, ஐ.சி.-7300க்குப் பதினறும எண்ணில் 94. குமிழைத் திருப்பினால், யாரும் கேட்காமலே புதிய அதிர்வெண்ணை எல்லோருக்கும் அறிவிக்கும் வசதியும் இதில் உண்டு. அந்தக் கம்பியில் ஓர் ஆம்ப்ளிஃபயரை இணைத்தால் அது கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். சிக்கல் எழுவது ஆம்ப்ளிஃபயரும் கணினியும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும்போது. அப்போது செய்திகள் மோதிச் சிதையும்.

கணினி நடுவில் அமரும்போது

நிலையத்தில் ஒரு கணினி இருந்தால் அதில் பதிவேட்டு நிரல், எஃப்.டி.8 என்னும் டிஜிட்டல் முறைக்கான நிரல், போட்டி நிரல் என ஒன்றுக்கு மேற்பட்டவை ஓடும். அவை எல்லாம் டிரான்ஸ்சீவரோடு பேச விரும்புகின்றன. விண்டோஸிலோ ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே திறக்க முடியும். முதலில் திறந்தவர் உள்ளே, மற்றவர் வெளியே. ஆம்ப்ளிஃபயரும் வரிசையில் சேரும்போது இந்த நெரிசல் இன்னும் இறுகுகிறது.

இதற்கு இரண்டு வகைத் தீர்வுகள் உருவாயின. ஒன்று நடுவர் முறை. ஆம்னி-ரிக், எஃப்.எல்.ரிக், ஹாம்லிப் ஆகியவை இதைச் சார்ந்தவை. நடுவர் மட்டுமே டிரான்ஸ்சீவரின் போர்ட்டைத் திறந்து பேசுவார். மற்ற நிரல்கள் நடுவரிடம் கேட்கும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஹாம்லிப் ஒரு திறந்தமூலத் திட்டம். அதன் டிரான்ஸ்சீவர் சேவை பிணையத்தில் 4532 என்ற போர்ட்டில் காத்திருக்கும். ஆம்ப்ளிஃபயர்களுக்கென ஒரு தனிச் சேவையும் பிற்பாடு சேர்ந்தது. அதற்கு எண் 4531. டிரான்ஸ்சீவரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே நூலகத்தின் வழியே அணுக முடிவதால், இரண்டையும் பிணைக்கும் சிறு நிரலைப் பைத்தானில் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம்.

மற்றொன்று போலிக் கருவி முறை. காம்-ஜீரோ-காம் போன்ற மென்பொருள், ஒன்றோடொன்று இணைந்த இரண்டு மெய்நிகர் போர்ட்களை உண்டாக்கும். அவற்றின் ஒரு முனையில் இருக்கும் நிரல், கென்வுட் டிரான்ஸ்சீவர் போல நடித்து மறுமுனையில் இருப்பவருக்குப் பதில் சொல்லும். ஆம்ப்ளிஃபயருக்கு உண்மையான சீரியல் போர்ட் ஒன்றை ஒதுக்கி, அதில் அதிர்வெண்ணை இடைவிடாமல் எழுதிக்கொண்டிருக்கும் நிரல்களும் உண்டு. ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்சீவரை, அதன் மொழி அறியாத ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்க இது உண்மையிலேயே பயன்படுகிறது. இங்கே கணினி மொழிபெயர்ப்பாளர்.

இரண்டில் நடுவர் முறையே மேலானது என்பது என் முடிவு. போலிக் கருவிகள் அடுக்கடுக்காகச் சேரும்போது, பழுது எந்த அடுக்கில் என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். நடுவர் ஒருவரே என்றால் பேச்சு முழுவதும் ஓரிடத்தில் பதிவாகும். அந்தப் பதிவைப் படித்தே குறையைக் கண்டறியலாம்.

மில்லிநொடிக் கணக்கு

எந்த வேலையைக் கணினியிடம் விடலாம் என்பதைக் காலக் கணக்கு தீர்த்துவைக்கிறது. சி.ஐ.-5 முறையில் அதிர்வெண்ணைக் கேட்கும் செய்தி 6 பைட். பதில் 11 பைட். 19,200 பாட் வேகத்தில் கேள்விக்கு 3 மில்லிநொடி, பதிலுக்கு 6 மில்லிநொடி என மொத்தம் சுமார் 9 மில்லிநொடி. 9,600 பாட் என்றால் இரு மடங்கு. இதனுடன் யூ.எஸ்.பி. மாற்றியின் தாமதம் சேரும். பரவலாகப் பயன்படும் எஃப்.டி.டி.ஐ. சிப்களில் அதன் இயல்பு அமைப்பு 16 மில்லிநொடி. நிரல்கள் இடைவிடாமல் கேட்பதுமில்லை. நொடிக்குச் சில முறை கேட்பதே வழக்கம். ஆகவே பட்டை மாற்றம் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சேர அரை நொடிகூட ஆகலாம். மனிதர் குமிழைத் திருப்பிப் புதிய பட்டையில் செவிமடுத்துப் பிறகு அழைக்கும் வேகத்துக்கு இது தாராளம்.

பி.டி.டி. கட்டளையின் கணக்கு முற்றிலும் வேறு. நிமிடத்துக்கு 30 சொல் வேக மோர்ஸில் ஒரு புள்ளி 40 மில்லிநொடியே நீடிக்கும். சாதாரண ரிலே ஒட்டிக்கொள்ள 10 முதல் 15 மில்லிநொடி எடுக்கும். ரிலே ஒட்டும் முன்னரே அலை வந்துவிட்டால் தொடுமுனைகளில் பொறி பறந்து, நாளடைவில் அவை கருகும். இதைத் தவிர்க்கவே ஐ.சி.-7300 போன்ற கருவிகளில் அனுப்புத் தாமதத்தை 10 முதல் 30 மில்லிநொடி வரை அமைக்கும் வசதி இருக்கிறது. டிரான்ஸ்சீவர் பி.டி.டி. கம்பியை முதலில் இழுக்கும், சற்றுப் பொறுத்து அலையை விடும். இந்த வரிசையைக் கணினியால் உறுதியாகக் காக்க முடியாது. விண்டோஸ் எந்த நேரமும் வேறொரு வேலைக்குத் திரும்பிவிடலாம். அந்தத் தாமதம் எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

கணினியே அனுப்பலைத் தொடங்கும் எஃப்.டி.8 போன்ற முறைகளிலும் விதி மாறுவதில்லை. கணினி டிரான்ஸ்சீவரை இயக்கட்டும். டிரான்ஸ்சீவர் கம்பி வழியே ஆம்ப்ளிஃபயரை இயக்கட்டும். கணினி இரண்டையும் தனித்தனியே இயக்கினால் எது முந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஒரு மவுஸ் சொடுக்கில் டிரான்ஸ்சீவரை 7லிருந்து 28 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவச் செய்து, உடனே பதிவுசெய்த அழைப்பையும் அனுப்பும் போட்டி நிரல்களில் இன்னும் விழிப்புத் தேவை. அந்த இடைவெளி, ஆம்ப்ளிஃபயருக்குச் செய்தி சேரும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அதிர்வெண்ணைத் தானே எண்ணிச் சரிபார்த்து, வடிகட்டி பொருந்தாவிட்டால் ஏற்க மறுக்கும் ஆம்ப்ளிஃபயரே அங்கு காப்பு.

எச்சரிக்கையின் இடம்

ஏ.எல்.சி. கம்பியில் ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் எதிர்மின்னழுத்தம், டிரான்ஸ்சீவரின் வெளியீட்டைக் குறைக்கச் சொல்லும் குரல். ஐகாம் கருவிகளில் அதன் எல்லை 0 முதல் -4 வோல்ட். இதை அன்றாட அளவுக் கட்டுப்பாடாகப் பயன்படுத்தினால் அலை சிதைந்து பக்கத்து நிலையங்களைக் கெடுக்கும். வெளியீட்டை டிரான்ஸ்சீவரிலேயே தேவையான அளவுக்குக் குறைத்து வைத்து, ஏ.எல்.சி.யைக் கடைசிக் காப்பாக மட்டும் இணைப்பதே சரி. மென்பொருளும் பட்டைக்குப் பட்டை வெளியீட்டை மாற்றித் தரும். ஆனால் சில டிரான்ஸ்சீவர்கள், 30 வாட்டில் அமைத்திருந்தாலும் முதல் சில மில்லிநொடிக்கு அதைவிட மிகுந்த துடிப்பை விடுவதுண்டு. எந்த மென்பொருளும் அதைப் பிடிக்க முடியாது. ஆம்ப்ளிஃபயரின் உள்காப்பு மட்டுமே தடுக்கும்.

மென்பொருள் தன் முழு மதிப்பைக் காட்டுவது கண்காணிப்பில். எஃப்.டி.8இல் ஒவ்வோர் அனுப்பலும் 12.6 நொடிக்கு முழு வலிமையில் நீடிக்கும். பேச்சில் இருப்பதுபோல் இடையே ஓய்வு கிடையாது. வெப்பநிலை ஏறும் போக்கைத் திரையில் காட்டி, எல்லை நெருங்கும்போதே வெளியீட்டைக் குறைக்கும் நிரல் கருவியின் ஆயுளைக் கூட்டும். நிலையம் ஓரிடத்திலும் இயக்குபவர் வேறிடத்திலும் இருக்கும் தொலை இயக்கத்தில் மென்பொருள் இன்றியமையாததே. அங்கும் ஒரு விதி வேண்டும்: இணையத் தொடர்பு அறுந்தால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஓய்வு நிலைக்குத் திரும்ப வேண்டும், யாரும் கட்டளையிடக் காத்திருக்கக் கூடாது.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். கணினி துவங்கும்போதும் ஒரு நிரல் போர்ட்டைத் திறக்கும்போதும் ஆர்.டி.எஸ்., டி.டி.ஆர். கோடுகள் தாமாக உயரக்கூடும், அவற்றில் பி.டி.டி. இணைந்திருந்தால் யாரும் தொடாமலே அனுப்பல் தொடங்கிவிடும். இரண்டாவது, ஆயிரம் வாட் சூழலில் யூ.எஸ்.பி. கேபிள் ஓர் ஆன்டெனா போல் அலையை ஏற்று, அனுப்பலின் நடுவே தொடர்பை முறித்துவிடும். ஃபெரைட் வளையங்களும் குட்டையான கேபிளும் ஒழுங்கான நிலத்தொடர்பும் இதற்கு மருந்து. மூன்றாவது, பழைய குழாய்க் கருவிகளின் பி.டி.டி. கம்பி. எஸ்.பி.-220இல் அதில் சுமார் 120 வோல்ட் நிற்கும். ஐ.சி.-7300இன் அனுப்புக் கம்பி தாங்குவது 16 வோல்ட், அரை ஆம்பியர் மட்டுமே. நடுவில் ஒரு தனி ரிலேயோ ஒளியிணைப்புச் சுற்றோ இல்லாமல் இரண்டையும் இணைத்தால் டிரான்ஸ்சீவர் பழுதாகும்.

ஓர் அமைப்பு எடுத்துக்காட்டாக

ஐ.சி.-7300உடன், சி.ஐ.-5 அறிந்த ஒரு நவீன ஆம்ப்ளிஃபயரை இணைப்பதாகக் கொள்வோம். டிரான்ஸ்சீவரின் அனுப்புச் செருகியிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் பி.டி.டி.க்கு ஒரு கம்பி, ஏ.எல்.சி.க்கு இன்னொன்று, ரிமோட் செருகியிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் சீரியல் உள்ளீட்டுக்கு மூன்றாவது. கணினி யூ.எஸ்.பி. வழியே தனியாக இணையும். டிரான்ஸ்சீவரின் அமைப்புப் பட்டியலில் யூ.எஸ்.பி.யை ரிமோட் செருகியிலிருந்து பிரிக்கும் ஒரு தேர்வு உண்டு. அதைச் செய்துவிட்டால் கணினியின் கேள்விகளும் ஆம்ப்ளிஃபயரின் கேள்விகளும் மோதா, யூ.எஸ்.பி. பக்கம் 1,15,200 பாட் வேகமும் கிடைக்கும். இந்த அமைப்பில் கணினியை அணைத்துவிட்டாலும் ஆம்ப்ளிஃபயர் பட்டையைப் பின்தொடரும்.

யூபிட்எக்ஸ் போன்ற கைவினைக் கருவியில் இந்த வசதி இல்லை. ஒரே சீரியல் வழிதான். அதனால் கணினியோ ஒரு சிறு ராஸ்பெர்ரி பையோ நடுவராக வேண்டும். ஆர்டுயினோவின் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது டி.டி.ஆர். கோட்டால் அது மறுபடி தொடங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நடுவர் நிரல் போர்ட்டை ஒருமுறை திறந்து, நிலையம் மூடும்வரை திறந்தே வைத்திருப்பது நல்லது. பி.டி.டி.யை, அனுப்பு-ஏற்பு ரிலேவை இயக்கும் கோட்டிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வழியே எடுக்கலாம். மோர்ஸ் அனுப்பும்போதும் அது செயல்படும்.

முடிவுரை

பட்டையைச் சொல்வது, ஆன்டெனாவைத் தேர்வது, வெளியீட்டை அமைப்பது, வெப்பத்தையும் எஸ்.டபிள்யூ.ஆரையும் பதிவுசெய்வது, தொலைவிலிருந்து இயக்குவது: இவை மென்பொருளுக்கு உரிய வேலைகள். ஆம்ப்ளிஃபயரின் உள்காப்பு இருக்கும்வரை, தாமதமானாலும் தவறினாலும் இவற்றைத் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. அனுப்பும் கட்டளையும் காக்கும் சுற்றும் அப்படிப்பட்டவை அல்ல. அவை டிரான்ஸ்சீவரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேரடிக் கம்பியிலேயே போக வேண்டும். மென்பொருள் முழுவதுமாக நின்றுபோனாலும் ஆம்ப்ளிஃபயர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் நிலையே சரியான அமைப்பின் அடையாளம்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை ஓய்வு நிலையில் வைத்து, டிரான்ஸ்சீவரை டம்மி லோடில் இணைத்துக் குறைந்த வெளியீட்டில் அமையுங்கள். பட்டையை மாற்றும் நடுவில் யூ.எஸ்.பி. கேபிளைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயரின் முகப்பு எந்தப் பட்டையைக் காட்டுகிறது, எச்சரிக்கை எழுகிறதா என்று பாருங்கள். பதில் மனநிறைவு தராவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை ஆம்ப்ளிஃபயரை இயக்க நிலைக்குக் கொண்டுவராதீர்கள். உரிமம் நம் கையில் தந்திருக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் பொறுப்பு நம்முடையதே. எந்த மென்பொருளும் அதை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளாது.